லாச்சியின் அடிப்பலகை

வசந்தமலர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எட்டுக் கதிரைகளைக் கெடுத்துவிட்டாள். ஏனோதானோவென்று கெடுக்கவில்லை, உயிரைக் கொடுத்துக் கெடுத்தாள்.

1986ஆம் ஆண்டு, குளிர் முடிகிற காலம். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரின் ஆற்றோரத் தொழிற்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு களஞ்சியம். இத்தாலியிலிருந்து லொறியில் வருகிற அலுமாரிகளையும் மேசைகளையும் இறக்கி, வழியில் பட்ட காயங்களை மறைத்து, லண்டன் கடைகளுக்கு அனுப்புகிற இடம். அங்கே மேற்பார்வையாளராக இருந்த கணேசலிங்கம்தான் அவளுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர். ஒரு பெட்டி நிறைய மெழுகுக் குச்சிகளையும் இரண்டு மெல்லிய தூரிகைகளையும் அவள் முன்னால் வைத்து, "கீறல், ஓட்டை எது கண்டாலும் அடைச்சு விடும் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். தேநீருக்குப் போனால் சீக்கிரம் திரும்புகிற ஆள் அவர் இல்லை.

அவள் முதல் கதிரையைத் திருப்பிப் பார்த்தாள். உட்காரும் பலகைக்குக் கீழே நான்கு கால் முழுக்க ஊசி முனை அளவில் ஓட்டைகள். இரண்டாவதிலும் அப்படியே. புதுக் கதிரை பூச்சி அரித்துப்போய்க் கிடக்கிறதே, இத்தாலிக்காரன் இந்த ஆட்களை நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று அவளுக்கு மனம் கொதித்தது. மரத்தின் நிறத்துக்கு மெழுகை உருக்கி, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து, மேலே தூரிகையால் மர நரம்பு வரைந்து, துணியால் தேய்த்து முடிக்கையில் பின்நேரமாகிவிட்டது. எட்டுக் கதிரைகளும் பிறந்த குழந்தையின் கன்னம்போல வழவழவென்று நின்றன.

கணேசலிங்கம் வந்து பார்த்தார். தலையில் கையை வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், நிற்க முடியாமல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளை, உது பூச்சி அரிச்ச ஓட்டை இல்லை. அவங்கள் சம்பளத்துக்கு ஆள் வைச்சுத் துளைச்ச ஓட்டை!"

அன்றுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. அங்கே வருகிற சாமான் எல்லாம் போன மாதம் செய்தவை. ஆனால் இருநூறு வருடம் பழசுபோல இருக்க வேண்டும். அதற்காக வால்நட் பலகையைச் சங்கிலியால் அடிப்பார்கள். மூலை முடுக்குகளில் கறுப்பு மெழுகைத் திணிப்பார்கள். மையைத் தெளிப்பார்கள். பூச்சிக்குப் பதிலாகத் துளைப்பான் வேலை செய்யும். புதிதாக வீடு வாங்கிய வெள்ளைக்காரர்களுக்குப் பாட்டன் முப்பாட்டன் வீட்டுச் சாமான்போல ஒன்று நடு அறையில் நிற்க வேண்டும். நம்மவர்கள் வாங்க வந்தால் கதை தலைகீழ். "ஆரும் பாவிச்சதோ?" என்பதுதான் முதல் கேள்வி. செத்தவர் வீட்டுக் கட்டிலாக இருந்துவிடக்கூடாதே! கணேசலிங்கம் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு முகமும் நம்மவர்களுக்கு இன்னொரு முகமும் வைத்திருந்தார். இரண்டிலும் பொய் இல்லாமல் பார்த்துக்கொண்டார் என்பதுதான் அவருடைய கெட்டித்தனம்.

வசந்தமலருக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மூன்று தங்கைமாரைக் கட்டிக்கொடுத்து, தம்பி பாலேந்திராவை லண்டனுக்கு அனுப்பி, அவன் காலூன்றி அவளைக் கூப்பிட்டபோது கல்யாணப் பேச்சு எல்லோருக்கும் மறந்துவிட்டது. பிளேஸ்டோவில் தம்பி, தம்பி மனைவி கலாவதி, இரண்டு பிள்ளைகள் இருந்த வீட்டில் அவளுக்குப் பின்பக்கத்து அறை. யாரும் அவளைக் குறைவாக நடத்தவில்லை. யாரும் அவளிடம் எதுவும் கேட்பதுமில்லை. ஒரு வீட்டில் பயன்படுகிற மனுஷியாக இருப்பதற்கும் தேடப்படுகிற மனுஷியாக இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

லொறி மாதம் ஒருமுறை வரும். ஓட்டுபவன் பியேரோ, பெரிய வயிறும் சின்னக் கண்களுமாக இருப்பான். அவன் பேசுகிற ஆங்கிலத்தில் பாதி கைதான். சாமான் இறக்கி முடிந்ததும் ஒரு பெட்டியில் சாய்ந்துகொண்டு தன் ஊர்க்கதை சொல்வான். வெரோனாவுக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. சோளமும் நெல்லும் புகையிலையும். இரண்டு உலக யுத்தங்களுக்கு நடுவில் அங்கே ஒரு தச்சன் பணக்காரர் வீட்டுப் பழைய அலுமாரிகளைத் திருத்திக்கொண்டிருந்தானாம். திருத்தித் திருத்தி, அதேபோல் இன்னொன்று செய்யக் கை பழகிவிட்டது. அவனிடம் வேலை செய்த ஆறு பேரும் ஆறு கொட்டில் போட்டார்கள். அந்த ஆறிலிருந்து அறுபது. இப்போது மாட்டுக் கொட்டிலெல்லாம் பட்டறை. ஒரு வீட்டில் மேசைக் கால் மட்டும் கடைவார்கள். அடுத்த வீட்டில் பூ மட்டும் செதுக்குவார்கள். ஒரு வீட்டில் பித்தளைக் கைப்பிடி, ஒரு வீட்டில் பொலிஷ். எல்லாவற்றையும் கைவண்டியிலும் சின்ன வான் வண்டியிலும் ஏற்றி ஒரு முதலாளியின் முற்றத்தில் சேர்த்துப் பொருத்திப் பூட்டுவார்கள்.

"ஒரு அலுமாரியை முழுசாகச் செய்யத் தெரிந்தவர் யாரும் அங்கே இருக்கிறார்களா?" என்று வசந்தமலர் கேட்டாள்.

பியேரோ யோசித்தான். "எதற்கு? ஊருக்குத் தெரியுமே" என்றான்.

அந்தப் பதில் அவளை விட்டுப் போகவில்லை. பின்நேரம் பஸ்ஸில் இறங்கிப் பிளேஸ்டோத் தெருவில் நடக்கிறபோது, இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்கிற சிவப்புக் கல் வீடுகளை அவள் அந்தச் சமவெளி ஆக்கிக்கொள்வாள். இந்த வீட்டில் கால் கடைகிறார்கள். பச்சைக் கதவு வீட்டில் பூச் செதுக்குகிறார்கள். சலவைத் துணி காய்கிற வீட்டில் ஒரு கிழவர் கைப்பிடிகளை மினுக்குகிறார். தெரு முழுக்கச் சேர்ந்து ஒரே ஒரு பெரிய அலுமாரியைச் செய்துகொண்டிருக்கிறது. யாருக்கும் முழுசாகத் தெரியாது, ஆனாலும் அது வளர்ந்துகொண்டே வருகிறது. சில நாள் தன் வீட்டைத் தாண்டி இரண்டு தெரு போனபின்தான் அவளுக்கு நினைவு வரும். அந்த நடையில் அவளுக்கு ஏதோ ஓர் இனிப்பு இருந்தது.

லாச்சிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. மேசை, அலுமாரிகளில் இழுத்துத் தள்ளுகிற அறையை யாழ்ப்பாணத்தார் லாச்சி என்போம். அவற்றைச் சரிபார்க்கிற வேலையையும் கணேசலிங்கம் அவள் தலையில் கட்டினார். ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, கவிழ்த்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிக் கவிழ்த்தபோதுதான் அடிப்பலகையில் பென்சில் எழுத்தைக் கண்டாள். ஒரு திகதி. ஒரு சொல். கடைசியில் எம் என்ற எழுத்து.

கால் கடைந்தவனும் பூச் செதுக்கியவனும் வெறும் இலக்கம்தான் போட்டிருந்தார்கள். லாச்சிக்காரன் மட்டும் சொல் எழுதினான். மாரி மாதங்களில் இரண்டுக்கு ஒரு லாச்சியில் ஒரே சொல்: நெப்பியா. அவனுடைய மனைவியின் பெயராக்கும் என்று வசந்தமலர் முடிவு கட்டினாள். முன்பின் தெரியாத ஒருவனுக்கு மனைவி இருந்தால் தனக்கென்ன என்று தன்னையே ஏசிக்கொண்டும் இரண்டு நாள் மனம் சோர்ந்தே இருந்தாள். கடைசியில் பியேரோவிடம் கேட்டாள். அவன் யன்னல் பக்கம் கையைக் காட்டினான். வெளியே ஆற்றிலிருந்து எழுந்த பனிப்புகார் எதிர்க் கட்டடத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

"அதுதான் நெப்பியா. அவன் வானிலை எழுதுகிறான். பனிமூட்டத்தில் மரம் தண்ணீர் குடிக்கும், வெயிலில் சுருங்கும். எந்த நாளில் செய்தது என்று தெரிந்தால்தான் பிறகு இறுகினாலும் தளர்ந்தாலும் காரணம் தெரியும். ஊரில் வேறு யாரும் இதையெல்லாம் பார்ப்பதில்லை. அவன் ஒரு மாதிரி."

அன்று முழுக்க அவளுக்குக் காரணமில்லாத சந்தோஷம். காரணம் இல்லை என்று அவள்தான் சொல்லிக்கொண்டாள்.

அதிலிருந்து அவள் இரண்டு வானத்தின் கீழே வாழத் தொடங்கினாள். பார்க்கிங்கில் மழை பெய்யும்போது லாச்சியில் மூன்று வாரத்துக்கு முந்தைய வெயில் இருக்கும். பார்க்கிங் நூலகத்தில் இத்தாலிய அகராதி ஒன்று இருந்தது. ஆலங்கட்டி, உறைபனி, வடகாற்று என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தாள். ஒரு லாச்சியில் வானிலைக்குப் பதிலாக "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தது. அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். வானத்தில் ஒன்றுமே இல்லாத நாள் எப்படியிருக்கும்? வெள்ளை வெளேரென்ற ஒரு சமவெளியில், கொட்டிலின் வாசலில் ஒருவன் பென்சிலோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பதை அவள் கண்டாள். முகம் மட்டும் தெரியவில்லை. தெரியாததில் அவளுக்கு அவசரமும் இல்லை.

1989 இளவேனிலில் ஒரு லாச்சி உண்மையாகவே அடிப்பலகை வெடித்து வந்தது. சின்னக் காயமென்றால் அவளே ஆற்றிவிடுவாள். இப்படியானதை வெறுமையாகத் திரும்புகிற லொறியில் ஏற்றிவிட வேண்டும். செய்தவன் வேறொன்று செய்து அனுப்புவான். அதற்கான துண்டுச் சீட்டில் காரணம் எழுதிக் கையெழுத்து வைப்பது வசந்தமலரின் பொறுப்பு. அன்று துண்டை எழுதி முடித்தவள், சுற்றிலும் பார்த்துவிட்டு, லாச்சியைக் கவிழ்த்து, அவனுடைய வரிக்குக் கீழே அகராதியில் பொறுக்கிய சொற்களை எழுதினாள். பார்க்கிங். மழை. கடைசியில் தமிழில் ஒரு வ. நெஞ்சு அடித்த அடியில் பென்சில் முனை உடைந்தது.

அடுத்த மாதம் புதிய லாச்சி வந்தது. திகதி. பிறகு, "இங்கேயும்." எம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அவளுடைய வ. பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறான். என்றாலும் வயிறு பெருத்துக் கோணலாக நின்றது. வசந்தமலர் களஞ்சியத்தின் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள்.

இனி அவன் எழுதுவதை அவள் வாசிக்கலாம். ஆனால் அவள் எழுத வேண்டுமென்றால் லாச்சி வெடிக்க வேண்டும். அவன் செய்கிற லாச்சியோ வெடிப்பதில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் மாதம், எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு ஓடிய ஒரு லாச்சியை உருவியெடுத்து, துண்டில் "இறுக்கம்" என்று எழுதினாள்.

தபாலில் எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். விலாசத்தைப் பியேரோவிடம் கேட்க வேண்டும். கேட்டால் கணேசலிங்கம் அறிவார். இத்தாலி முத்திரை குத்திய கடிதம் வீட்டு வாசலில் விழும்; கலாவதி எடுப்பாள். "மச்சாள், இது ஆர்?" என்ற ஒரு கேள்வி போதும், அந்த வாரமே பிளேஸ்டோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் எல்லோருக்கும் கதை. லாச்சி கடிதம் இல்லையே. லாச்சி லாச்சிதான். அவள் மனச்சாட்சிக்குச் சொன்ன சமாதானம் இது. அதுவும் கேட்டுக்கொண்டது.

இப்படித்தான் போயின இரண்டு வருடங்கள். அடிப்பலகையில் இடம் கொஞ்சம்தான், அகராதிச் சொற்களும் கொஞ்சம்தான். ஆகவே வேண்டாத சொல் ஒன்றும் இல்லை. அவன் எழுதினான்: "பனிமூட்டம். ரேடியோவும் நானும்." அவள் எழுதினாள்: "பனி. பஸ் இல்லை. நடந்தேன். நல்லது." அவன்: "வெயில். அம்மா போய் ஐந்து வருடம்." அவள் மூன்று நாள் யோசித்து, "உன் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் மெழுகுதிரி ஏற்றினேன்" என்று எழுதினாள். ஒருமுறை, ஏனென்று தெரியாமல், "என் அறைக்குக் கதவு உண்டு. தாழ்ப்பாள் இல்லை" என்று எழுதினாள். தம்பியிடம் கூடச் சொல்லாத சங்கதி அது. அடுத்த லாச்சியின் மூலையில் துணியில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. வால்நட் மரத்தில் இழைத்த சின்னத் தாழ்ப்பாள்; ஆணி அடிக்க வேண்டிய இடத்தில் துளைகூடப் போட்டிருந்தான். அதை அவள் தன் கதவில் ஆணி அடித்துப் பூட்டினாள். கலாவதி தடவிப் பார்த்துவிட்டு, "வடிவாக் கிடக்கு, எங்கை வாங்கினது?" என்றாள். "வேலையிலை தந்தது" என்றாள் வசந்தமலர். அன்றைக்குத்தான் பல வருடங்களில் முதல் தடவையாக, தனக்கென்று ஓர் இடம் இருப்பதாக அவள் உணர்ந்தாள்.

இதற்கிடையில் அந்தச் சமவெளி கொழுத்துக்கொண்டிருந்தது. மாதம் ஒன்று வந்த லொறி இரண்டானது, பிறகு வாரம் ஒன்று. ஹோட்டல்காரர்கள் வந்தார்கள், வக்கீல்மார் வந்தார்கள், டாக்டர்மார் வந்தார்கள். குரோய்டனிலிருந்து தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வந்து எட்டடி அலுமாரி வாங்கி, வாசலுக்குள் நுழையாமல் யன்னலைக் கழற்றி ஏற்றினார். களஞ்சியத்துக்குப் பக்கத்துக் கொட்டகையையும் முதலாளி ஹார்வி எடுத்துக்கொண்டார். லாச்சிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. வசந்தமலரும் தாராளமானாள். சில மாதம் இரண்டுகூடத் திருப்பினாள்.

1991 ஐப்பசியில் ஒரு நாள் பியேரோ வழக்கம்போல் பெட்டியில் சாயவில்லை. நின்றபடியே சொன்னான்.

"அடுத்த மாதத்திலிருந்து லாச்சி வேறு ஆள். எங்கள் முதலாளி மெஷின் வாங்கிவிட்டார். மார்ச்செல்லோவை நிறுத்திவிட்டார்கள்."

எம். மார்ச்செல்லோ. அந்தப் பெயரை இப்படியா கேட்க வேண்டும்!

"ஏன்?"

"லண்டனிலிருந்து திரும்பி வருவது எல்லாம் அவன் லாச்சி. கால் திரும்புவதில்லை, பூ திரும்புவதில்லை. பத்தொன்பது லாச்சி! ஒவ்வொன்றுக்கும் பதில் லாச்சி அவன் கூலியில்லாமல் செய்து கொடுத்தான். கைத்திறன் போய்விட்டது என்கிறார்கள். எங்கள் ஊரைப் பற்றி உனக்குத் தெரியாது. ஒரு முற்றத்தில் சொன்னால் எல்லா முற்றத்திலும் கேட்கும். இனி யாரும் அவனுக்கு வேலை தரமாட்டார்கள். ஐம்பது வயதில் லாச்சி தவிர அவனுக்கு என்ன தெரியும்?"

வசந்தமலர் தன் கைகளைப் பார்த்தாள். முதல் ஒன்றைத் தவிரப் பதினெட்டுத் துண்டுகளிலும் "இறுக்கம்", "இறுக்கம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்த கை. ஒரு மனுஷனின் பிழைப்பை ஒவ்வொரு சொல்லாகத் தின்றிருக்கிறாள். அதையெல்லாம் அன்பென்று நினைத்துக்கொண்டு தின்றிருக்கிறாள். அந்த நேரத்தில் தன்மேல் வந்த வெறுப்புக்கு அளவே இல்லை.

பியேரோ போனதும் கணேசலிங்கத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தினால் பிறகு சொல்ல வராது என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"விசரே உமக்கு?" என்றார் கடைசியில். "நல்ல சாமானைப் பழுதெண்டு அனுப்பினீரோ? அதுவும் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கடிதம் எழுதவோ?"

"ஓம் அண்ணை."

"ஆளைக் கண்டிருக்கிறீரோ?"

"இல்லை."

கணேசலிங்கம் எழுந்து கதவைச் சாத்தினார். கெட்ட மனுஷர் அல்ல; அவளுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர் என்ற பெருமையும் பயமும் அவருக்கு இருந்தன. "இஞ்சை பாரும். இது எங்கள் ரெண்டு பேரோடை நிக்கட்டும். களஞ்சியம் ஈரம், அதாலை மரம் ஊதிப்போச்சு எண்டு நான் ஹார்விக்குச் சொல்லுறன். அந்தாளுக்கும் பழி இல்லை, உமக்கும் பழி இல்லை. ஊருக்கும் தெரியாது."

"அப்ப ஹீட்டர் போடாத பழி உங்களுக்கு வரும் அண்ணை. ஒருத்தற்றை தலையிலை போட்டது போதும். இன்னொருத்தரிலை போட எனக்கு ஏலாது."

"பாலேந்திராவுக்குத் தெரிஞ்சால்?"

"தெரியட்டும்" என்றாள்.  அவர் சாத்திய கதவைத் தானே திறந்தாள்.

ஹார்வி உயரமான, அதிகம் பேசாத மனிதர். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார். லாச்சிகள் நன்றாக இருந்தனவா? "அதைவிட நல்ல லாச்சி நான் கண்டதில்லை, சேர்" என்றாள். பிறகு ஏன் அனுப்பினாய்? அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதற்குச் சுற்றிவளைத்த சொல் இல்லை. "அவருக்கு எழுத" என்றாள். ஹார்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி, அன்றே இத்தாலிக்கு ஃபாக்ஸ் அனுப்பினார். வேலையிலிருந்து நிறுத்தவில்லை, அவளைப்போல் காயம் ஆற்ற வேறு ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் இனி திருப்பி அனுப்புகிற துண்டில் அவள் கை படக்கூடாது என்றார். துண்டுகள் கிழிக்கிற புத்தகம் கணேசலிங்கத்தின் மேசைக்குப் போனது.

மறுநாள் பதில் ஃபாக்ஸ் வந்தது. மார்ச்செல்லோவைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். லாச்சிகள் பிழைதான், தன் கைப்பிழைதான் என்று அவனே சொல்கிறானாம்.

"இதிலை ஆர் பொய் சொல்லுறது?" என்று கணேசலிங்கம் தாளை ஆட்டினார். "நீர் உம்மிலை பிழை எண்டுறீர். அவன் தன்னிலை எண்டுறான்!"

வசந்தமலர் தாளை வாங்கித் தானே ஒருமுறை வாசித்தாள். எதற்காக அவன் அப்படிச் சொன்னான்? அந்த இரண்டு வாரமும் பார்க்கிங்கை விட்டுப் பனிப்புகார் விலகவில்லை. பஸ் வெளிச்சம் போட்டுக்கொண்டு எங்கிருந்தோ வந்து எங்கோ போனது. தெருவில் நடந்தால் வீடுகள் இல்லை. காலடி ஓசை மட்டும். இந்த வெள்ளைக்குள் இன்னும் கொஞ்சம் நடந்தால் ஒரு கொட்டில் வரும், வாசலில் அவன் இருப்பான், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டுவிடலாம் என்று தோன்றும். கை நீட்டினால் யாரோ வீட்டு வேலிதான் தட்டுப்படும்.

முதல் வார லொறியை வேறொருவன் ஓட்டி வந்தான், அடுத்ததுதான் பியேரோவுடையது. பியேரோ இறங்கியதும் கணேசலிங்கத்துக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே அவளிடம் வந்தான்.

"நீதானா?" என்றான். "இத்தனை வருடமும் நான் ஏற்றிப் போனது மரம் என்று நினைத்தேன்."

கணேசலிங்கமும் பக்கத்தில் வந்து நின்றார். பியேரோ கையும் காலுமாகச் சொன்னான். இருவரும் தன் பிழை, தன் பிழை என்று சொன்னதில் இத்தாலி முதலாளிக்குத் தலை சுற்றிவிட்டது. கடைசியில் மார்ச்செல்லோவின் கொட்டிலுக்கே போனார். கூடவே பியேரோவும் போனான். திரும்பி வந்த பத்தொன்பது லாச்சிகளையும் அவன் விறகாக்கவில்லை, வேறு மேசைக்கும் போடவில்லை. சுவர் முழுக்க வரிசையாக, அடிப்பலகை வெளியே தெரியும்படி மாட்டியிருந்தான். முதலாளி ஒவ்வொன்றாகக் கழற்றி ஓர் அலுமாரிக்குள் செருகி இழுத்துப் பார்த்தார். உண்மையாகவே வெடித்த முதல் ஒன்றைத் தவிர எல்லாம் தண்ணீராக ஓடின. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தை வாசித்தார். பக்கத்து முற்றங்களிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். தெரியாதவர்களுக்கு அவர் உரக்கவே வாசித்துக் காட்டினார்.

வசந்தமலருக்குக் காது வரை சுட்டது. ஒரு ஊர் முழுக்க அவளுடைய மழையையும், பஸ்ஸையும், அறைக் கதவையும் கேட்டுவிட்டது.

"முதலாளி அவனைப் பார்த்து, 'மடையா, லாச்சி நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வேலை போயிருக்காதே' என்று கத்தினார்" என்றான் பியேரோ.

"அதற்கு அவர்?"

"'சொல்லியிருந்தால் லாச்சி திரும்பி வந்திருக்காது' என்றான்."

 வசந்தமலர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. தன்னால் அவன் கெட்டான் என்று அவள் வெந்துகொண்டிருந்தாள்; அவனோ அந்த இரண்டு வருடமும் தெரிந்தே கெட்டுக்கொண்டிருந்திருக்கிறான். இவ்வளவு காலமும் தன்னை யாரும் தேடவில்லை என்று அவள் நினைத்திருந்தது எவ்வளவு பெரிய பிழை! கணேசலிங்கம் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"வேலை?" என்று அவள் கேட்டாள்.

"கொடுத்துவிட்டார். பெரிய லாச்சிகள் மெஷினுக்கு. சின்னது எல்லாம் அவனுக்கு. ஆனால் இனி அடியில் இலக்கம் மட்டும்தான் எழுத வேண்டும் என்று கட்டளை."

பியேரோ லொறியின் பின்கதவைச் சாத்தப் போனான். வழக்கப்படி, "திரும்புகிற சாமான் ஏதாவது?" என்று கேட்டான். கணேசலிங்கம் தன் மேசைப் புத்தகத்தைப் புரட்டாமலே தலையசைத்தார்.

"ஒண்டும் இல்லை."

லொறி வெறுமையாகப் போகப்போகிறது. இனி எப்போதும் வெறுமையாகத்தான் போகும். வசந்தமலர் கண்ணைத் துடைத்தாள். "பொறு, பியேரோ" என்றாள். கிழிந்து கிடந்த பெட்டியொன்றிலிருந்து கையளவு அட்டையைக் கிழித்தாள். பெட்டியின்மேல் குனிந்து, தன் முழுப் பெயரையும், வீட்டு இலக்கத்தையும், தெருவையும், பிளேஸ்டோ, லண்டன் என்பதையும் பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதினாள். இந்தத் தடவை பென்சில் முனை உடையவில்லை.

கணேசலிங்கம் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, உது பாலேந்திரா வீட்டு விலாசமெல்லோ? கடிதம் வந்தால் கலாவதிதானே எடுப்பா?"

"ஓம் அண்ணை. எடுத்து என்னட்டைத் தரட்டும்."

அட்டையை மடிக்காமல், யாரும் வாசிக்கும்படியாக, அவள் பியேரோவின் கையில் கொடுத்தாள்.